வலி தீர்க்கும் மருந்தும் அடிமைப் பழக்கமும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊரான ஜெகதாப்பட்டினத்தில் அண்மையில் சுற்றுவட்டாரச் சங்கங்களின் அங்கத்தினர் சிலரோடு நாம் அளவளாவிக் கொண்டிருந்தபோது இரண்டு கோரிக்கைகள் எழுந்தன. படகு கடலுக்குப் போகாத நாட்களில் இளைஞர் சிலர் வலி மாத்திரையை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆகவே கூட்டுறவு மருந்துக் கடையில் அவ்வகை மாத்திரை எதுவுமே வைக்கலாகாது என்றார் ஒருவர். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி அமர்ந்திருந்த விவசாயி ஒருவர் எழுந்து, வாயில் புற்று வந்து கிடக்கும் தம் தகப்பனாருக்கு மார்பின் மாத்திரை வேண்டும் என்று வைத்தியர் சொன்னதாகவும், அதற்காகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளியூருக்கு ஆள் அனுப்ப வேண்டியிருப்பதாகவும், அதனை ஏன் நம் சங்கக் கடையிலேயே விற்கக் கூடாது என்றும் கேட்டார்.

இருவரும் கேட்டது ஒரே வகை மருந்தைப் பற்றித்தான். ஒருவர் பூட்டச் சொல்கிறார். மற்றவர் திறக்கச் சொல்கிறார். இரண்டும் நியாயமான கோரிக்கைகளே. முன்னவர் சொல்வதை முழுதும் ஏற்றால் பின்னவருடைய தகப்பனார் இரவெல்லாம் அலற நேரும். பின்னவர் சொல்வதை அப்படியே ஏற்றால் முன்னவருடைய அச்சம் மெய்யாகிவிடும். இந்தச் சிக்கலை நம் நாட்டின் சட்டமும் மருத்துவமும் எவ்வாறு கையாண்டு வந்திருக்கின்றன, அதில் நம் போன்ற சங்கங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

கசகசாச் செடி

அபின் என்பதை ஏதோ தொலைதூரத்து நஞ்சென்று நினைப்பவர் பலர். நம் இல்லத்தரசிகள் குருமாவிற்குத் தேங்காயுடன் அரைக்கும் கசகசா, அபின் செடியின் விதையே அன்றி வேறன்று. விதையில் மயக்கம் தரும் சத்து இல்லை எனத்தக்க அளவே உள்ளது. ஆதலால் நம் நாட்டுச் சட்டம் அதனைத் தடுக்கவில்லை. வளைகுடா நாடுகள் சிலவற்றில் அவ்வாறன்று. அங்கே கசகசாவையும் போதைப்பொருளாகவே கருதுகிறார்கள். இக்கடற்கரை ஊர்களிலிருந்து அந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளின் பெட்டியில் மசாலாப் பொட்டலம் கட்டிக்கொடுக்கும் தாய்மார்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு பிடி கசகசாவிற்காகச் சிறை சென்றவர்கள் உண்டு.

செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். பிற்பகலில் கீறி, இரவு முழுதும் வடியவிட்டு, மறுநாள் காலையில் சுரண்டி எடுப்பார்கள். அது உறைந்து கறுத்தால் அபின். அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது மார்பின். இருமல் மருந்தில் சேரும் கோடீனும் அதனின்றே வருவது. மார்பினை மேலும் மாற்றிச் செய்தால் ஹெராயின். இயற்கையில் கிடைக்கும் இவற்றைப் போலவே வேலை செய்யுமாறு ஆலைகளில் செய்யப்பட்டவை டிரமடால், டேபென்டடால், பென்டனில், மெதடோன், புப்ரினார்பின் முதலியன. இவையனைத்திற்கும் பொதுப் பெயராக அபின் வகை மருந்துகள் என்று இக்கட்டுரையில் வழங்குவோம். கஞ்சா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கடற்கரையில் பிடிபடும் பொட்டலங்களைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறோம். மருத்துவ நோக்கில் அவை வெவ்வேறானவை.

வலி என்பது உடலின் ஒரு பகுதியிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செல்லும் செய்தி. அச்செய்தியைத் தணிக்கும் சில பொருள்களை நம் உடலே சுரக்கிறது. அவை சென்று பொருந்துவதற்கான இடங்கள் மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ளன. மார்பின் அதே இடங்களில் சென்று பொருந்தி வலியைத் தணிக்கிறது. அங்கேயே மகிழ்ச்சி உணர்வையும் தூண்டுகிறது. அளவு மிகுந்தால் மூச்சையும் அடக்கிவிடுகிறது. ஒரே சாவி மூன்று பூட்டுகளையும் திறப்பதுதான் இம்மருந்தின் தொல்லை. வலியை மட்டும் தீர்த்து மற்ற இரண்டையும் விட்டுவிடும் மருந்தைக் கண்டுபிடிக்க நூறாண்டுகளுக்கும் மேலாக முயன்றும் முழு வெற்றி கிட்டவில்லை. 1898-இல் ஹெராயினை மருந்துக் கடைக்குக் கொண்டுவந்த ஜெர்மானியக் கம்பெனியும் அதனை அடிமையாக்காத மருந்து என்று எண்ணியே விற்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்க வேண்டும். தொடர்ந்து சில வாரங்கள் மார்பின் உட்கொண்ட நோயாளிக்கு அதனைத் திடீரென நிறுத்தினால் உடல் நோவு, கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு முதலியன உண்டாகும். இஃது உடல் பழகிப்போனதன் விளைவு. படிப்படியாகக் குறைத்தால் இத்தொல்லை இராது. அடிமைப் பழக்கம் என்பது வேறு. வலி இல்லாதபோதும் மருந்தைத் தேடுதல், தேடுவதே வாழ்வாதல், வேலையும் குடும்பமும் கெட்டும் விடமுடியாமை ஆகியவை அதன் அடையாளம். புற்றுநோயால் வருந்தும் முதியவர் வேளை தவறாமல் மாத்திரை கேட்பதைக் கண்டு அவர் அடிமையாகிவிட்டார் என்று அஞ்சும் உறவினர்கள் பலர் உள்ளனர். அவர் கேட்பது மயக்கத்தை அன்று, தூக்கத்தை. முறையாக மருத்துவர் அளவறிந்து கொடுக்கும்போது புற்றுநோயாளிக்கு அடிமைப் பழக்கம் தோன்றுவது அரிது. மலச்சிக்கல் மட்டும் தவறாது வரும். அதற்கு இளக்கி மருந்தையும் உடன் கொடுப்பது வழக்கம்.

சட்டத்தின் கதை

வெள்ளையர் காலத்தில் அபின் அரசாங்கத்தின் வருவாய்ப் பொருள். உரிமம் பெற்ற கடைகளில் விற்றார்கள். அழும் குழந்தைகளுக்கு மிளகளவு அபினைக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போன தாய்மார்கள் அந்நாளில் இந்நாட்டில் எத்தனையோ பேர். விடுதலைக்குப் பின் 1949-இல் கூடிய மாநாடு ஒன்று, மருத்துவத்திற்கல்லாத அபின் விற்பனையை ஆண்டுதோறும் குறைத்து 1959 மார்ச்சு 31-ஆம் நாளுடன் நிறுத்திவிடுவதென முடிவு செய்தது. 1961-இல் உலக நாடுகள் செய்துகொண்ட போதைப்பொருள் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையின் முகப்பிலேயே இரண்டு செய்திகள் உள்ளன: வலியைத் தீர்க்க இம்மருந்துகள் இன்றியமையாதவை, ஆகவே அவை கிடைக்கச் செய்ய வேண்டும், அடிமைப் பழக்கம் தனி மனிதனுக்கும் சமூகத்திற்கும் பெருங்கேடு, ஆகவே தடுக்க வேண்டும். இரண்டில் பின்னதை மட்டும் நாம் நன்றாகப் படித்தோம்.

1985-இல் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைந்த அளவு தண்டனையே பத்தாண்டுச் சிறை என்னும் அளவுக்குக் கடுமையான சட்டம். மருத்துவத்திற்கு மார்பினைப் பயன்படுத்தலாகாது என்று அச்சட்டம் எங்கும் கூறவில்லை. ஆனால் மார்பினை வாங்க, வைத்திருக்க, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல என்று தனித்தனி உரிமங்கள் தேவைப்பட்டன. மாநிலத்திற்கு மாநிலம் விதி வேறுபட்டது. ஓர் உரிமம் கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகும். கணக்கில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் சிறை என்ற அச்சம் வேறு. மருத்துவமனைகள் என்ன செய்யும்? மார்பின் வாங்குவதையே விட்டுவிட்டன. 1985-க்கும் 1997-க்கும் இடையில் இந்நாட்டில் மருத்துவத்திற்குப் பயன்பட்ட மார்பின் 97 விழுக்காடு குறைந்து, 1997-இல் வெறும் 18 கிலோகிராமில் வந்து நின்றது. நூறு கோடியை நெருங்கிய மக்கள் தொகைக்கு ஒரு மூட்டையில் அடங்கும் மருந்து!

இதனால் நேர்ந்த கேடு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளோடு போகவில்லை. அக்காலத்தில் படித்து வெளிவந்த மருத்துவர்கள் மார்பினைக் கையால் எழுதிப் பழகாமலே பட்டம் பெற்றார்கள். அவர்கள்தாம் பின்வந்த மாணவருக்கு ஆசிரியர்கள் ஆனார்கள். விதி தளர்ந்தாலும் கை தளரவில்லை. 2017-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த குழு, உலக நாடுகளில் வலி மருந்து எவ்வளவு தேவை, எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்கிட்டது. இந்தியாவில் தேவையில் 4 விழுக்காடே கிடைக்கிறது என்பது அதன் முடிவு.

2014-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இன்றியமையாப் போதை மருந்துகள் என ஒரு வகுப்பை ஏற்படுத்தி, அவற்றிற்கு நாடெங்கும் ஒரே விதி என்றது. 2015 மே மாதத்தில் மார்பின், கோடீன், பென்டனில், மெதடோன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அவ்வகுப்பில் சேர்க்கப்பட்டன. இப்போது ஒரு மருத்துவமனை பல அலுவலகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தால், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பித்து, மூன்றாண்டுகளுக்கு அங்கீகாரம் பெறலாம். அதன்பின் இருப்புப் பதிவேட்டைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவே.

கோழிக்கோட்டில் கண்டது

திறந்துவிட்டால் கள்ளச் சந்தைக்குப் போய்விடாதா என்ற கேள்விக்கு விடை கேரளத்தில் உள்ளது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். இராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் அவர்தம் நண்பர்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். நோயாளிகள் மார்பின் மாத்திரையை வீட்டிற்கே எடுத்துச் சென்று உண்டனர். இரண்டாண்டுகளில் அவ்வாறு பெற்ற 1,723 நோயாளிகளின் கணக்கைச் சரிபார்த்துப் பார்த்தபோது, மருந்து வெளியே கசிந்ததாக ஒரு நிகழ்ச்சியும் தென்படவில்லை என்று 2001-இல் அறிக்கை வெளியாயிற்று. பூட்டைத் தளர்த்தினார்கள், கணக்கைத் தளர்த்தவில்லை.

அதனினும் கூட்டுறவாளர்கள் கவனிக்க வேண்டியது பின்னர் நிகழ்ந்தது. மலப்புரம் முதலிய இடங்களில் ஊரார் தாமே குழு அமைத்து, சில்லறைக் காசாகத் தண்டி, தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, படுக்கையில் கிடப்போரின் வீடு தேடிச் சென்றனர். மருத்துவர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வர். 2008-இல் கேரள அரசாங்கம் இதனையே தன் கொள்கையாக அறிவித்து உள்ளாட்சிகளின் பொறுப்பில் விட்டது. பங்குத்தொகை, நிர்வாகக் குழு என்ற பெயர்கள் இல்லையே தவிர, இது கூட்டுறவு அல்லாமல் வேறென்ன?

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு வித்து இல்லாமற் போகவில்லை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, அங்குள்ள மகாராஜா கல்லூரியில் ஆண்களுடன் அமர்ந்து பயின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததைக் கண்ட துயரத்தை மறவாது, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியர் வீட்டிற்கே வரும் ஏற்பாடும் உள்ளது. செவிலியர் வருகிறார், அவர் பையில் மார்பின் இருக்கிறதா என்பது அருகிலுள்ள மருத்துவமனை அங்கீகாரம் பெற்றிருப்பதைப் பொறுத்தது.

அபின் பயிரிடுவோர்

நம் இதழின் வாசகர்களில் பாதிப்பேர் விவசாயிகள் ஆதலால் இதனையும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் குறிப்பிட்ட சில வட்டாரங்களில் மட்டும், ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட விவசாயிகள் மத்திய அரசாங்கத்தின் உரிமம் பெற்று அபின் பயிரிடுகின்றனர். ஆளுக்குச் சில சென்ட் நிலமே. விளைந்த அபின் அனைத்தையும் அரசாங்கத்திடமே ஒப்படைக்க வேண்டும். நீமச், காஜிப்பூர் ஆலைகளில் அது பதப்படுத்தப்படுகிறது. காய்களைக் கொத்தித் தின்று பழகிய கிளிக் கூட்டங்களை விரட்டுவதே அங்கே விவசாயிக்குப் பெரும்பாடு. கிளிகளுக்கு எந்தச் சட்டப்பிரிவும் இல்லை!

நம் நெசவாளர் சங்கத்தில் நூலை எடைபோட்டுக் கொடுக்கிறோம். துணியை எடைபோட்டு வாங்குகிறோம். இடையில் இவ்வளவு சேதாரம் என்று ஒப்புக்கொள்கிறோம். அங்கும் அதுவே முறை. ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிலோகிராம் மார்பின் தேறும் அபினைக் கொடுக்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் அது 4.2 கிலோகிராம். குறைந்தால் மறு ஆண்டு உரிமம் இல்லை, அல்லது கீறாமல் காயை அப்படியே ஒப்படைக்கும் முறைக்கு மாற்றுவார்கள். குறைவது எல்லாம் கள்ளச் சந்தைக்குப் போனது என்பது இவ்விதியின் உட்கருத்து. பருவம் தப்பிய மழையாலும் ஆலங்கட்டியாலும் குறைந்ததாக விவசாயி சொல்வதில் உண்மையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. சேதாரக் கணக்கில் நெசவாளியுடன் வாதிட்ட எந்தச் சங்கச் செயலாளரும் இதனை அறிவார்.

அவ்விவசாயிகள் விளைத்த பொருளில் பெரும்பகுதி நெடுங்காலம் வெளிநாடுகளுக்கே சென்றது. அமெரிக்க நாடு 1981-இல் செய்துகொண்ட விதிப்படி, தனக்கு வேண்டிய மூலப்பொருளில் 80 விழுக்காட்டை இந்தியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வாங்கி வந்தது. இந்திய அபினின் சாறு பாஸ்டனில் வலி தீர்க்க, இந்தியப் புற்றுநோயாளி வெறும் காய்ச்சல் மாத்திரையுடன் கிடந்தார்.

அமெரிக்கா தரும் எச்சரிக்கை

இதுவரை படித்தவர்கள், ஆகவே முற்றிலும் திறந்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு நாம் வருவதாக எண்ணலாகாது. முற்றிலும் திறந்துவிட்ட நாடும் ஒன்று உண்டு. 1996-இல் அமெரிக்காவில் பர்டியூ என்னும் கம்பெனி ஆக்ஸிகோன்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் அடிமையாகும் அபாயம் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லி விற்றது. புற்றுநோய் வலிக்கு மட்டுமின்றி முதுகு வலி, மூட்டு வலி என்று எல்லாவற்றிற்கும் எழுதப்பட்டது. 2007-இலும் மறுபடி 2020-இலும் அக்கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் அபின் வகைப் பொருள்கள் சம்பந்தப்பட்ட அளவு மீறலால் இறந்தோர் 80,000-க்கு மேல்.

இவ்வெண்ணிக்கையில் பெரும்பாலோர் இறந்தது மருத்துவர் எழுதிய மாத்திரையால் அன்று. கள்ளத்தனமாகச் செய்யப்பட்ட பென்டனிலால். மாத்திரை பெருகியதைக் கண்டு அதிகாரிகள் இறுக்கியபோது, பழகிப்போனவர்கள் தெருவில் கிடைத்த ஹெராயினுக்கும் பின் பென்டனிலுக்கும் சென்றனர். மறுபுறம், ஆண்டுக்கணக்கில் மாத்திரையால் நடமாடி வந்த மெய்யான நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் திடீரென நிறுத்தினர். 2016-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் வெளியிட்ட நெறிமுறையை இப்படிக் கண்மூடித்தனமாகப் பின்பற்றியதால் விளைந்த துன்பத்தைக் கண்டு, 2022-இல் அந்நெறிமுறையையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. திறக்கும்போது கணக்கு வேண்டும். மூடும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு வழி வேண்டும். இவ்விரண்டையும் அங்கே மறந்தார்கள்.

நம் தெருவில் நடப்பது

2018-இல் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, அபின் வகைப் பொருளைப் பயன்படுத்துவோர் இந்தியாவில் சுமார் 2.26 கோடிப்பேர். அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் ஏறத்தாழ 77 லட்சம். ஹெராயினை உண்போர் மக்கள் தொகையில் 1.14 விழுக்காடு என்றால், மருந்துக் கடை மாத்திரை வகையைத் தவறாக உண்போர் 0.96 விழுக்காடு. அதாவது மருந்துக் கடை, கடத்தல்காரனுக்கு ஏறக்குறையச் சமமாக நிற்கிறது. ஜெகதாப்பட்டினத்து அன்பர் கவலைப்பட்டது வீண் கவலை அன்று.

டிரமடால் மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவது பெருகியதால் 2018 ஏப்ரலில் அதனைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தார்கள். அதன்பின் டேபென்டடால் என்ற பெயர் போலீசு வழக்குகளில் அடிக்கடி வரத் தொடங்கிற்று. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இளைஞர்கள் இம்மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பிடிபடுகின்றனர். மாத்திரையை உருட்டிப் பிடிக்கச் சேர்த்திருக்கும் மாவுப் பொருள் கரையாமல் இரத்தக் குழாயில் போய் அடைக்கும், கை அழுகும். ஒரே ஊசியை நால்வர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் நால்வருக்கும் சேரும். ஒன்றைப் பூட்டினால் அடுத்ததைத் தேடிச் செல்வது இப்பழக்கத்தின் இயல்பு. ஆகவே மாத்திரையைத் துரத்திக்கொண்டே இருப்பதால் மட்டும் இது முடியாது. மாத்திரையைத் தேடும் மனிதனுக்கு என்ன செய்கிறோம் என்று கேட்க வேண்டும்.

அவனுக்குச் சிகிச்சை உண்டு. புப்ரினார்பின் என்னும் மருந்தை நாக்கினடியில் வைத்துக் கரைக்கக் கொடுத்தால், உடலின் தவிப்பு அடங்குகிறது; மயக்கம் ஏறுவதில்லை; வேலைக்குப் போகலாம். ஒரு போதையை எடுத்து மற்றொன்றைக் கொடுப்பதன்றோ இது என்று சிலர் எள்ளுவர். சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுப்பதை நாம் அவ்வாறு எள்ளுவதில்லை. பஞ்சாப் அரசாங்கம் 2017-இல் இதற்கென வெளிநோயாளர் நிலையங்களை மாநிலமெங்கும் திறந்தது. முதலில் அன்றாடம் வந்து உண்ண வேண்டும் என்றிருந்தது. கூலியாள் தினமும் அரைநாள் வேலையை இழக்க வேண்டியிருந்ததால் பலர் நின்றுவிட்டனர். 2020-இல் கொரோனா ஊரடங்கில் பல நாள் மாத்திரையை வீட்டிற்குக் கொடுத்தனர். வருகை கூடிற்று, அம்மாத்திரையே வெளியில் விற்கப்படுகிறது என்ற புகாரும் கூடிற்று. மறுபடியும் அதே தராசு! எமக்குத் தோன்றுவது, சிறிது கசிவைப் பொறுத்துக்கொண்டு மிகுதியான பேரைச் சிகிச்சையில் வைத்திருப்பதே மேல் என்பது. கசிந்த புப்ரினார்பினால் வரும் கேட்டினும் ஹெராயினால் வரும் சாவு பெரிது.

சென்னையில் திருமதி சாந்தி இரங்கநாதன், தம் கணவரைக் குடிப்பழக்கத்தால் இழந்தபின் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, அடிமைப் பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்னாமல் நோய் என்று கருதிச் சிகிச்சை தருவதில் நம் மாநிலத்திற்கு வழிகாட்டியாயிற்று. சட்டமும் இக்கருத்திற்கு இடம் வைத்திருக்கிறது. சிறு அளவு வைத்திருந்ததற்கோ உண்டதற்கோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சையை முடித்தால், அவன்மீது வழக்கு நடவாது என்பது 64ஏ பிரிவு. பிள்ளையைப் போலீசார் பிடித்துப் போனபின் பதறும் பெற்றோரில் இப்பிரிவை அறிந்தவர் மிகச் சிலரே. வழக்கறிஞரிடம் இதனை எடுத்துச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சங்கக் கடைக்குரிய வேலை

2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் ஒரு பகுதியையும், அதற்கு முன்பிருந்தே கூட்டுறவு மருந்தகங்களையும் சங்கங்களே நடத்தி வருகின்றன. ஆகவே மருந்துக் கடைக்காரர் என்ற பொறுப்பு அங்கத்தினர்களுக்கே உண்டு. 2014 மார்ச்சு முதல் எச்1 பட்டியல் என்ற ஒரு பட்டியல் நடைமுறையில் உள்ளது. கோடீன், டிரமடால், புப்ரினார்பின், தூக்க மாத்திரைகள் முதலியன அதில் அடங்கும். இவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். இப்பதிவேட்டை விற்ற நேரத்திலேயே எழுதுகிறார்களா, தணிக்கைக்கு முந்திய இரவில் ஒரே மையில் ஒரே அமர்வில் எழுதி முடிக்கிறார்களா என்பதை எம்மைப் போன்ற ஆய்வாளர்கள் தாளைத் திருப்பிய மாத்திரத்தில் அறிவோம். நிர்வாகக் குழுவினர் மாதம் ஒருமுறை இருப்பை எண்ணிப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டால், கடையில் வலி மாத்திரையே வைக்கலாகாது என்ற தீர்மானத்திற்குத் தேவையிராது. பட்டியலில் இல்லாத வலி மாத்திரை ஒன்றை ஒரே இளைஞர் கூட்டம் அட்டை அட்டையாகக் கேட்டு வந்தால், அதற்கும் சீட்டு இல்லாமல் விற்பதில்லை என்று குழுவே முடிவு செய்யலாம். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விவசாயி கேட்ட இரண்டாவது கோரிக்கைக்கு விடை சற்று வேறு. மார்பினைச் சங்கக் கடையில் விற்கச் சொல்வதால் பயனில்லை. அது பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையத்தின் வழியாகவே நோயாளிக்குச் சேர்கிறது. அதுவே தக்க முறையுமாகும். சங்கம் செய்யத்தக்கது, தன் வட்டாரத்து அரசு மருத்துவமனை அந்த அங்கீகாரத்தைப் பெற்றிருக்கிறதா என எழுத்து மூலம் கேட்பது. பெறவில்லையெனில் பெறுமாறு பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறைக்கும் அனுப்புவது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் ஊரில் எத்தனை பேர் என்ற பட்டியலை அத்துடன் இணைத்தால் மனுவிற்கு வலு உண்டாகும். அதிகாரிகளுக்கு ஆறு பக்க முறையீட்டினும் பதினான்கு பெயர் கொண்ட அரைப்பக்கப் பட்டியல் நன்றாகப் புரியும். உரம் வாங்கச் செல்லும் சங்க வண்டியில் நோயாளியின் உறவினர் ஒருவரை ஏற்றிச் சென்றுவர ஒப்புக்கொண்டாலும் அது ஓர் உதவியே.

வீட்டில் மார்பின் வைத்திருப்போர் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். மாத்திரையைப் பூட்டிய பெட்டியில் வைத்து, கொடுத்த வேளையை ஒரு தாளில் எழுதி வர வேண்டும். மருத்துவர் கொடுத்த சீட்டையும் மருந்தோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும். யாராவது கேட்டால் காட்ட உதவும். அடுத்த வீட்டாரின் பல்வலிக்கு ஒரு மாத்திரை என்று எடுத்துக் கொடுக்கலாகாது. நோயாளி காலமானபின் துக்கத்தில் அப்பெட்டியை எவரும் நினைப்பதில்லை. பதினாறாம் நாள் முடிந்து வீட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் அது பிள்ளைகள் கையில் அகப்படுகிறது. எஞ்சிய மாத்திரைகளை எண்ணி, வாங்கிய மருத்துவமனையிலேயே ஒப்படைத்து, எண்ணிக்கையைக் குறித்த ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.